இருபத்தெட்டு கிலோ ஆம்ப்

காலைக் கொஞ்சம் நகட்டி வைங்க தம்பி. அது அரிசி மூட்டை இல்ல. துண்டு போத்தி இருக்கிறதால அப்படித் தெரியுது. உள்ள இருக்கிறது ஆம்ப்ளிஃபயர். கோயில் கொடையில, கல்யாண வீட்ல பாட்டுப் போடுறவங்க வச்சிருப்பாங்கல்ல, ஆம்ப், ஆம்ப்னு சொல்லுவாங்க, அது. கண்டக்டர் அதுக்குத் தனியா லக்கேஜ் டிக்கெட் போட்டான். போட்டுக்கோன்னு விட்டுட்டேன். இன்னைக்குச் சண்டை போடணும்னு கிளம்பினது அவன்கிட்ட இல்ல. அருப்புக்கோட்டையில ஒருத்தன்கிட்ட. ஆனா அந்தப் பய சண்டைக்கே வரலை. சண்டை போடப் போனவனை வாங்க மாமான்னு சேர் போட்டு உக்கார வச்சா என்னத்தைப் போட?

என் மருமகன்தான். காளிராஜ்னு பேரு. அருப்புக்கோட்டையில சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கான். டிப்ளமா படிச்சவன், அந்தத் திமிரு ஒண்ணு போதும். நான் சாத்தூர்ல மளிகைக் கடை. பலவேசம் மளிகைன்னு கடைத்தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. எனக்கு ஒரே பொண்ணு, தங்கமாரி. அவளைத்தான் இவனுக்குக் கட்டிக் குடுத்தேன். இப்ப அவ என் வீட்ல இருக்கா. காதுகுத்து முடிஞ்ச கையோட பிள்ளையைத் தூக்கிட்டு வந்தவ, மாசக்கணக்கா ஆச்சு. அவன் வந்து ஒரு வார்த்தை சொல்ற வரைக்கும் அனுப்புறதா இல்லைன்னு நான் சொல்லிட்டேன். ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். அதைச் சொல்றதுக்கு அவனுக்கு நாக்கு வளையலை.

எல்லாம் இந்தச் சனியனாலதான். இதைச் சனியன்னும் சொல்லக் கூடாது, சீர் குடுத்த சாமான்.

என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. நீங்களே நியாயம் சொல்லுங்க. அவன்கிட்ட சொந்தமா பேஸ் பெட்டி ரெண்டு இருக்கு. பீரோ பாதி உசரம். 'திம் திம்'னு நெஞ்சுல இடிக்கும் பாருங்க, அந்தச் சத்தத்துக்குன்னே இருக்கிற பெட்டி. அதுக்குள்ள சொந்தமா பவர் கிடையாதாம். ஆம்ப் எவ்வளவு குடுக்குதோ அதை வச்சுத்தான் கத்துமாம். ஆம்பை மட்டும் அவன் வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கிட்டிருந்தான். பேத்திக்குக் காதுகுத்து வச்சப்போ, பிறந்த வீட்டுச் சீரா என்ன செய்யலாம்னு நானாத்தான் கேட்டேன். வழக்கமா நகை, பாத்திரம், பட்டுன்னுதான் வைப்போம். இவன், எனக்கு ஒரு ஆம்ப் வாங்கிக் குடுத்தாப் போதும் மாமான்னான். சரி, மாப்பிள்ளை வாயால கேக்குறாரு, தொழிலுக்குக் கேக்குறாருன்னு எனக்கு மனசு குளுந்து போச்சு. அப்ப நான் மரியாதையாத்தான் பேசிக்கிட்டிருந்தேன்.

கேட்டவன் அதோட விட்டானா? பாடம் எடுத்தான். பெட்டி ஒண்ணு எண்ணூறு வாட்ஸ் தாங்கும், அதனால ஆம்ப் ஒரு பக்கத்துக்கு ஆயிரத்து இருநூறாவது நிக்காமக் குடுக்கணும். முன்னாடி ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற நம்பரைப் பாக்காதீங்க, அது ஒரு நொடிக்கு எகிறிட்டு இறங்குற கணக்கு. பின்னாடி எட்டு ஓம்ஸுக்கு எவ்வளவுன்னு பொடி எழுத்துல இருக்கும், அதைப் பாருங்க. இப்படி. அதுக்கப்புறம் ஒரு ஆம்ப் பேரைச் சொல்லி அதையே வாங்குங்கன்னான். நான் தலையைத் தலையை ஆட்டினேன். எங்களுக்குத் தெரியாதா ஒரு சாமான் வாங்க?

மதுரைக்குப் போனேன். கடைக்காரன் அவன் சொன்ன ஆம்பை எடுத்து மேசையில வச்சான். தூக்கிப் பாத்தேன். தம்பி, ஒத்தக் கையில வருது. பொரி மூட்டையைத் தூக்குற மாதிரி இருக்கு. விலையைக் கேட்டா யானை விலை. அதுக்குப் பக்கத்துலயே இது இருந்துச்சு. இந்தா உங்க கால்கிட்ட இருக்கே, இதுதான். தூக்குறேன், இடுப்பு புடிக்குது. தராசு புடிச்ச கையி இது, தூக்கினவுடனே இருபத்தெட்டு கிலோன்னு சொன்னேன். கடைக்காரன் அட்டையில பாத்தான், இருபத்தெட்டுதான். முன்னாடி மூவாயிரம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. இவன் கேட்டது என்ன, ரெண்டு பக்கமும் சேத்தா ரெண்டாயிரத்து நானூறு. நான் மூவாயிரமா வாங்குறேன். குறைச்சா வாங்கினேன்? கூடத்தானே வாங்கினேன்?

தங்கமாரி போன்ல, அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்கப்பான்னு சொல்லத்தான் செஞ்சா. சீர் செய்யிறவன் அனுமதி கேட்டா செய்வான்? நான் கேக்கலை. கடைக்காரன் கூட, பேஸுக்கா அண்ணாச்சி, பேஸுக்குன்னா அந்த லேசானதுதான் சரியா வரும்னான். அவனுக்கு அதுல கமிஷன் கூட இருந்திருக்கும். நம்மகிட்டயே வியாபாரம் பண்றான்னு நினைச்சுக்கிட்டேன்.

காதுகுத்து மருமகன் வீட்டுக் குலசாமி கோயில்ல. சாத்தூர்ல இருந்து கொஞ்ச தூரம்தான். சீர்த் தட்டு வரிசையா வருது, பழத்தட்டு, பூத்தட்டு, பட்டு, எல்லாத்துக்கும் நடுவுல ரெண்டு ஆளு இதைத் தூக்கிட்டு வர்றாங்க. மாலை போட்டிருக்கோம். என் வீட்டுக்காரி வேலம்மா முகப்புல சந்தனம் தடவி ரெண்டு குங்குமப் பொட்டு வச்சிருந்தா. முகப்புல சின்னதா ரெண்டு கண்ணாடிப் புள்ளி இருந்துச்சு, அது மேலயே கச்சிதமா வச்சுட்டா. பாக்க அம்மன் முகம் மாதிரி அவ்வளவு லட்சணமா இருந்துச்சு. சம்பந்தி வீட்டு ஆளுங்க வாயைப் பொத்திக்கிட்டுப் பாத்தாங்க.

மருமகன் பாத்தான். முன்னாடி பாக்கலை தம்பி. நேரா பின்னாடி போனான். குனிஞ்சு படிச்சான். சிரிச்சான். அந்தச் சிரிப்பை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அப்புறம் கிட்ட வந்து மெதுவா, மாமா இது ஒரு பக்கத்துக்கு முன்னூத்தம்பதுதான் குடுக்கும், என் பெட்டிக்குப் பத்தாது, மேடைப் பேச்சுக்கு வச்சுக்கிடலாம், இன்னைக்கு வாடகை ஆம்பே ஓடட்டும்னான். நல்ல நாள், சபையில, பத்தாதுங்கிறான். நான் குடுத்த சீரு பத்தாதுங்கிறான். மெதுவாத்தான் சொன்னான், இல்லைங்கலை. மெதுவா சொன்னாலும் சொன்னது சொன்னதுதானே?

இதைத்தான் மாட்டணும்னு நான் நின்னேன். அவங்க அம்மாவே, மாட்டுய்யா, மாமா ஆசையா கொண்டாந்திருக்காருன்னு சொல்லவும் மாட்டினான். மாட்டிட்டு, இந்தத் திருகை இந்தக் கோட்டுக்கு மேல கொண்டு போகாதீங்கன்னு எல்லாருக்கும் சொல்லிட்டுப் பந்தி பாக்கப் போயிட்டான்.

பாட்டு ஓடுது. ஆனா அந்த இடி இல்ல. சவசவன்னு ஓடுது. சம்பந்தி வகையில ஒரு ஆளு, வெத்தலையை மென்னுக்கிட்டே, என்ன மாமா, சீரு பெருசா இருக்கு, சத்தத்தைக் காணோமேன்னு கேக்குறான். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? நான் எந்திரிச்சுப் போயி கோடு வரைக்கும் திருகினேன். பத்தலை. கோட்டைத் தாண்டித் திருகினேன். இப்ப கேக்குது. இன்னும் திருகினேன். வலது கோடிக்குக் கொண்டு போயி நிறுத்தினேன். அதுக்கு மேல திருகு போகலை. திருகுன்னு இருந்தா கடைசி வரைக்கும் திருகத்தானே வச்சிருக்கான் கம்பெனிக்காரன்?

கொஞ்ச நேரத்துல சத்தம் ஒரு மாதிரி ஆச்சு. 'திம்'முங்கிறது போயி 'படார் படார்'னு தகரத்தைத் தட்டுற மாதிரி. நல்ல காரமா இருக்குன்னு நினைச்சேன். மருமகன் கையில சாம்பார் வாளியோட ஓடி வர்றான். வாளியை வச்சான். வந்து என்ன செஞ்சான்னு நினைக்கிறீங்க? வேலம்மா வச்ச குங்குமப் பொட்டு ரெண்டையும் நகத்தால சுரண்டினான். சுமங்கலி வச்ச பொட்டு, சாமி சந்நிதியில, அவன் பிள்ளை விசேஷத்துல. சுரண்டிட்டு, பாருங்க மாமாங்கிறான். உள்ள சிவப்பு லைட்டு எரியுது. மினுக்கு மினுக்குன்னு கூட இல்ல, நிப்பாட்டி வச்ச மாதிரி எரியுது. குங்குமமும் சிவப்பு, லைட்டும் சிவப்பு. அதுக்கு எதுக்குடா பொட்டைச் சுரண்டணும்?

அவன் திருகுல கை வைக்கிறான், நான் அவன் கை மேல கை வைக்கிறேன். குறைக்கிறான், கூட்டுறேன். லைட்டே சொல்லுது, ஆம்ப் திணறுது மாமா, விடுங்கங்கிறான். ஊரே பாக்குது, எப்படி விடுறது? அப்ப ஒரு வாடை வந்துச்சு. அரக்கு கருகுற மாதிரி. இடது பெட்டி நின்னு போச்சு. நான் இன்னும் கையை எடுக்கலை. வலதும் நின்னுச்சு. அப்பத்தான் பிள்ளைக்குக் காது குத்துறாங்க, சத்தமே இல்லாத இடத்துல அது வீல்னு கத்தினது மட்டும் கேட்டுச்சு.

அங்கனதான் அவன் சொன்னான். இந்தத் தடவை மெதுவா இல்ல.

"பத்தாதுன்னு அப்பவே சொன்னேன். சாம்பிராணி போடத்தான் லாயக்கு இது."

நான் சொன்னேன், ஏண்டா, உன் பெட்டி சொத்தை, பழியை என் சீரு மேல போடுறியான்னு. அதுக்கு ஒரு வியாக்கியானம் குடுத்தான் பாருங்க. ஆம்ப் சின்னதா இருந்ததாலதான் பெரிய பெட்டி எரிஞ்சுதாம். சக்திக்கு மேல விரட்டினா ஆம்ப் சத்தத்தோட தலையைச் சீவி மொட்டையா அனுப்புமாம். அந்த மொட்டைச் சத்தம் உள்ள இருக்கிற காயிலை ஆற விடாம சூடாக்கிக்கிட்டே இருக்குமாம். கூட சக்தி உள்ள ஆம்ப் சுளுவா ஓட்டும், பெட்டிக்கு ஒண்ணும் ஆகாதாம். இதை நம்புறீங்களா நீங்க? நோஞ்சான் அடிச்சு பயில்வான் செத்தான்னு சொன்னா போலீஸ் கேஸ் எழுதுவானா? எந்த ஊர் நியாயம் இது?

நீங்க சிரிக்காதீங்க. நான் சிரிக்கிறதுக்குச் சொல்லலை.

வேலம்மாவுக்குப் படபடன்னு வந்துருச்சு. அம்மாவைப் பாத்துக்கிடுறேன்னு தங்கமாரி பிள்ளையோட எங்க வண்டியில ஏறினா. ரெண்டு நாள்னுதான் ஏறினா. நான்தான் பிடிச்சுக்கிட்டேன். பிடிச்சுக்கிட்டேன்னா கட்டியா போட்டேன்? வந்து சபையில சொல்லட்டும், இந்த ஆம்ப் பத்தும்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னைக்கே அனுப்புறேன்னேன். அவ்வளவுதான். அவளும் மறுபேச்சு பேசலை. அப்பா சொன்னா கேக்குற பொண்ணு.

அவன் ஒரு நாள் கடைக்கு வந்தான். ஆளுங்க சாமான் வாங்கிக்கிட்டு நிக்காங்க. உள்ள வரலை, வாசல்லயே நின்னான். பங்குனி சீசன்ல புடிச்சிருந்த கொடை எல்லாத்தையும் வேற ஆளுக்கு விட்டுட்டேன் மாமா, பெட்டி ரெண்டும் காயில் கட்டப் போயிருக்கு, அது போகட்டும், தங்கமாரியை அனுப்புங்கன்னான். சீசன் போச்சுன்னு என்கிட்ட எதுக்குச் சொல்றான்? நான் என்ன செய்ய முடியும்? ஆம்ப் பத்தும்னு சொல்லுன்னேன்.

"பொட்டைச் சுரண்டினதுக்கு அத்தை கால்ல விழுறேன். சபையில கத்தினதுக்கு உங்க கால்லயும் விழுறேன். பத்தும்னு மட்டும் சொல்ல மாட்டேன் மாமா. என் தொழிலு அது. நான் பத்தும்னு சொன்னா நாளைக்கு இன்னொருத்தன் அதை வாங்கிப் பெட்டியைக் கருக்குவான்."

பாத்தீங்களா திமிரை? கால்ல விழுவானாம், ஒரு வார்த்தை சொல்ல மாட்டானாம். கால்ல விழுறது பெருசா, ஒரு வார்த்தை பெருசா? போடான்னுட்டேன். எடை போட்ட சீனியை யாருக்குக் குடுத்தேன், காசு வாங்கினேனான்னு கூட அன்னைக்கு நினைப்பு இல்ல எனக்கு.

அதுக்கப்புறம் பெட்டியைச் சரி பண்ணிட்டான். யாரோ கூட்டாளி ஆம்பை இரவல் வாங்கி ஓட்டுறான். பெட்டி இப்ப கருகலை. எப்படிக் கருகும், பயந்து பயந்து குறைச்சு வச்சிருப்பான். ஆனா போன மாசம் எங்க தெருவுக்குப் பின்னாடி அம்மன் கோயில் விசேஷத்துக்கு அவன்தான் செட்டு. வீட்டுல பாத்திரம் எல்லாம் அலமாரியில கிணுகிணுங்குது. கொல்லையில துணி எடுக்கப் போன தங்கமாரி, துணியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கா. அவளுக்குச் சத்தம் ஒத்துக்கலை போலன்னு நான்தான் போயி ஜன்னலை எல்லாம் சாத்தினேன். பிள்ளை தாளத்துக்குக் குதிக்குது, அதுக்கென்ன தெரியும்.

சரி, இன்னைக்கு எதுக்குப் போனேன்? முந்தாநாள் அருப்புக்கோட்டையில இருந்து கடைக்கு வந்த ஒரு ஆளு சொன்னாரு, உங்க மருமகன் வீட்ல நீங்க குடுத்த ஆம்ப் மேலதான் தண்ணிக்குடம் வச்சிருக்காங்கன்னு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சீரைத் திருப்பி வாங்கினா உறவு முறிஞ்சதுன்னு அர்த்தம், அது எனக்குத் தெரியும். முறியட்டும்னுதான் கிளம்பினேன். அப்பத்தான் பய இறங்கி வருவான். சொன்னவுடனே தங்கமாரி, போயி எடுத்துட்டு வந்துருங்கப்பான்னா. ஒரு மறுப்பு இல்ல. எந்த பஸ்ல போறீங்க, எந்த பஸ்ல திரும்புவீங்கன்னு விசாரிச்சு, புளியோதரை கட்டிக் குடுத்தா. என் பக்கம் நியாயம் இருக்குங்கிறது அவளுக்குத் தெரியுது.

போயிப் பாத்தா, தண்ணிக்குடமும் இல்ல, ஒண்ணும் இல்ல. துணி போத்தி மூலையில வச்சிருக்கான். தூசி கூட இல்ல. சீரை எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்னேன். சரி மாமான்னான். ஏன், எதுக்குன்னு ஒரு பேச்சு இல்ல. டீ போட்டுக் குடுத்தான். வீட்டுக்குப் புதுசா வெள்ளை அடிச்சிருக்கு. உத்தரத்துல தொட்டில் கட்டித் தொங்குது. பிள்ளை இல்லாத வீட்ல தொட்டில் எதுக்கு? அடுப்படியில ரெண்டு பாக்கெட் பாலு, பிள்ளைங்க திங்கிற பிஸ்கட்டு. பயலுக்கு மூளை கலங்கிப் போச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன். துண்டுல சுத்தி, அவனே தோள்ல தூக்கிட்டு வந்து, வண்டியில ஏத்தி, என் கால்மாட்டுல வச்சுட்டு, பாத்துப் போங்க மாமான்னுட்டு நிக்கான். தோத்தவன் மூஞ்சி மாதிரியும் இல்ல.

இருங்க, போன் அடிக்குது. வீட்டுக்காரிதான்.

ஆங், சொல்லு. வாங்கிட்டேன், பஸ்ல வந்துக்கிட்டிருக்கேன். என்ன? எப்ப? பிள்ளையையுமா? நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த? ஓ, பை நேத்தே கட்டியாச்சா. அப்ப உனக்கும் தெரியும். அழாத. அழாம சொல்லு, என்ன சொல்லிட்டுப் போனா? ம். ம். சரி, வை.

தங்கமாரி அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிட்டாளாம் தம்பி. "அப்பா குடுத்தது அப்பாகிட்டயே வந்துருச்சு. இனி அந்த வீட்ல பத்தும் பத்தாதுன்னு பேச ஒண்ணும் இல்லைம்மா"ன்னு சொல்லிட்டுப் போனாளாம்.

ரெண்டு பேரும் பேசி வச்சு, தண்ணிக்குடம்னு ஒரு ஆளை விட்டு என்னை அனுப்பியிருக்காங்க. பெத்த அப்பனை. நான் எல்லாரும் பாக்க பஸ்ல இரும்பைச் சுமந்துக்கிட்டு வர்றேன், அவ பிள்ளையைச் சுமந்துக்கிட்டு அங்க போறா. வரட்டும். எதிர்ல அந்த வண்டிதான் வரணும். ரோடு இங்கன ஒடுக்கம், ரெண்டும் ஊர்ந்துதான் ஒதுங்கும். அந்த ஜன்னலோரத்தைக் கொஞ்சம் விடுங்க தம்பி. நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்காம விடுறதில்ல. சாத்தூர்ப் பக்கம் இனி தலை வச்சுப் படுக்கக் கூடாதுன்னு சொல்லிடுறேன். அந்தா வருது, பச்சை வண்டி.

தங்கமாரி.

ஏ தங்கமாரி.

போயிருச்சு.

பாத்தீங்களா? நம்ம பக்கந்தான் உக்காந்திருந்தா. பிள்ளை கையைப் புடிச்சு வெளிய எதையோ காட்டிச் சிரிச்சுக்கிட்டுப் போறா. எங்க வீட்ல இருந்த இத்தனை மாசத்துல அவ சிரிச்சு நான் பாக்கலை தம்பி. சாப்பிட்டா, துணி துவைச்சா, பிள்ளையைத் தூங்க வச்சா. எல்லாம் சரியா இருக்குன்னுதான் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

திட்டணும்னுதான் தலையை நீட்டினேன். பேரு மட்டும்தான் வாயில வந்துச்சு. கூப்பிட்டேனே, உங்களுக்குக் கேட்டுச்சா?

பக்கத்துல இருக்கிற உங்களுக்கே கேக்கலையா.